விசில் யார் பக்கம்? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தும் ரசிகர் கோபமும்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் நடுவர்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் குறைகள் எவ்வளவு நீண்டாலும் கடைசியில் இரண்டாகத்தான் தேறும். ஊதக்கூடாத இடத்தில் விசில் ஊதினார்கள் என்பது ஒன்று. ஊத வேண்டிய இடத்தில் சும்மா இருந்தார்கள் என்பது மற்றது. ஒரே ரசிகர் ஒரே ஆட்டத்தில் இரண்டையும் சொல்வார். இரண்டையும் மனதார நம்பியே சொல்வார்.

இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டாக மூன்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்கள் உள்ளன. இரண்டிலும் ஆடியது கனெக்டிகட் பல்கலைக்கழக அணி. ரசிகர்கள் அதை 'யூகான்' என்றே அழைப்பார்கள். 2021 மார்ச் 29 அன்று சான் அன்டோனியோவில் பேலர் பல்கலைக்கழகத்துடன் தேசியக் காலிறுதி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த பேலர் அணிக்கு மிச்சமிருந்தவை சில விநாடிகள். டிஜோனை கேரிங்டன் எல்லைக்கோட்டை ஒட்டி எம்பி எறிந்தார். தடுக்க எழும்பியவர்களில் ஒருவர் யூகானின் முதலாண்டு மாணவி ஆலியா எட்வர்ட்ஸ். உடம்பில் கை பட்டது போலத்தான் தொலைக்காட்சியில் தெரிந்தது. விசில் வரவில்லை. யூகான் 69-67 என்று வென்றது.

2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாந்தில் அரையிறுதி. அயோவா 70, யூகான் 69. ஆட்டம் முடிய 3.9 விநாடி இருக்கையில் பந்து யூகானிடம். யூகானின் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு வழிவிடுவதற்காக, அயோவாவின் கேபி மார்ஷலின் பாதையில் 'ஸ்க்ரீன்' போட்டு நின்றவர் அதே ஆலியா எட்வர்ட்ஸ். இந்த முறை விசில் வந்தது. ஸ்க்ரீன் போடுபவர் அசையாமல் நிற்க வேண்டும். காலை அகட்டவோ உடம்பைச் சாய்த்து இடிக்கவோ கூடாது. எட்வர்ட்ஸ் அசைந்தார் என்று நடுவர் முடிவு செய்தார். பந்து அயோவாவுக்குப் போனது. ஆட்டம் 71-69 என்று முடிந்தது. முதல் ஆட்டத்தில் ஊதாததற்கும் இரண்டாவதில் ஊதியதற்கும் நடுவர்களைச் சாடியவர்களில், ஆண்கள் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸும் உண்டு.

2024 முடிவு விதிப்படி சரியா என்று கேட்டால், மெதுவாக ஓட்டிய காட்சியைப் பார்த்த பலர் சரி என்றே ஒப்புக்கொள்வார்கள். சண்டை அதைப் பற்றியது அல்ல. கடைசி 3.9 விநாடியில், நாடே பார்க்கும் ஆட்டத்தில், அப்படியொரு தவறுக்கு ஊதலாமா என்பதுதான் கேள்வி. பந்து ஒரு அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு ஸ்க்ரீனுக்கு ஊத முடியும் என்ற பொருளில் யூகான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா பேசினார். அந்த ஒரு விசிலால் மட்டும் தோற்கவில்லை என்று பெக்கர்ஸ் சொன்னார். ஆரியெம்மா சொன்னதைக் கூர்ந்து பார்த்தால் அது நடுவர் மீதான புகாராக மட்டும் நிற்கவில்லை. எல்லோரும் செய்யும், வழக்கமாக விட்டுவிடப்படும் ஒரு தவறு விதிப்புத்தகத்தில் தவறாகவே இருக்கிறது என்ற ஒப்புதலும் அதில் உண்டு. புத்தகத்தில் உள்ள ஆட்டமும் மைதானத்தில் ஆடப்படும் ஆட்டமும் வேறு வேறு. எந்த ஆட்டத்துக்கு நடுவர் விசில் ஊத வேண்டும் என்பதில்தான் ரசிகர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

பெண்கள் கூடைப்பந்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஆட்டம் பிறந்தபோதே கூடப் பிறந்தது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். சில மாதங்களிலேயே அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்காக மாற்றினார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். எதிரணியினரின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது என்றும் விதித்தார். பெண்கள் ஆட்டத்தில் உடல் மோதலே இருக்கக்கூடாது என்பதே அந்த விதிகளின் உயிர்நாடி. கல்லூரிகளுக்கு இடையிலான முதல் பெண்கள் ஆட்டத்தில், 1896 ஏப்ரலில், ஸ்டான்ஃபோர்டு 2-1 என்ற கணக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை வென்றது. அதைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. இன்று நடுவர்களைத் திட்டும் கூட்டத்தில் ஆண்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

அணிக்கு ஐந்து பேர், முழு ஆடுகளம் என்ற இன்றைய வடிவம் கல்லூரிப் பெண்களுக்கு 1971-இல்தான் நிலைத்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் நைன்' சட்டம் மறு ஆண்டு வந்தது. ஆனாலும் அயோவா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் அணிக்கு ஆறு பேர் ஆடும் பழைய முறை 1993 வரை உயிரோடு இருந்தது. அங்கே அந்தப் பள்ளி ஆட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதும். அயோவா பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் காலத்தில் அயோவா அரங்குகள் நிரம்பியதை வெளியூர்க்காரர்கள் அதிசயமாகப் பேசினார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்றில் நடந்த காட்சி ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். அணிக்கு ஆறு பேர் முறையில் பாட்டிமாரே ஆடிய ஊரில் இது அவ்வளவு பெரிய அதிசயம் அல்ல.

ஐந்து பேர் ஆட்டம் வேரூன்றியபின் நிலைமை தலைகீழானது. வீராங்கனைகளின் வேகமும் வலுவும் கூடக்கூட, தடுப்பவர்களின் கையும் முழங்கையும் தாராளமாகப் புழங்கின. பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வின் முதல் தலைவராக இருந்த வால் ஆக்கர்மன், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்காக 2013-இல் ஒரு அறிக்கை எழுதினார். பெண்கள் ஆட்டத்தில் புள்ளிகளும் எறிதலின் துல்லியமும் வரலாறு காணாத அளவுக்குச் சரிந்துவிட்டதை அது சுட்டிக்காட்டியது. தள்ளுமுள்ளில் ஆட்டமே முடங்குகிறது என்று ரசிகர்கள் அலுத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். அடுத்த பருவத்தில் தடுப்பாட்டத்துக்குக் கடுமையான வரையறை வந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர் மீது கையையோ முன்கையையோ வைத்து எடுக்காமல் இருந்தால் ஃபவுல். இரண்டு கையும் பட்டால் ஃபவுல். திரும்பத் திரும்பக் குத்தினால் ஃபவுல். கையைக் கம்பி போல் நீட்டி வழியை அடைத்தாலும் ஃபவுல்.

உடனே எதிர்ப்பக்கத்துப் புகார் கிளம்பியது. விசில் சத்தம்தான் கேட்கிறது, ஆட்டத்தைக் காணோம், ஃப்ரீ த்ரோ போடுவதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினோம் என்றார்கள். 2015-16 பருவத்தில் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு என்பதை மாற்றி, பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு என்று ஆக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு பாதி முழுவதும் சேர்ந்துகொண்டே போன அணியின் ஃபவுல் கணக்கு இப்போது கால்பகுதிதோறும் புதிதாகத் தொடங்கும். ஒரு கால்பகுதியில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆட்டத்தின் ஓட்டம் தடைபடுவது இதனால் குறைந்தது. கல்லூரி ஆண்கள் ஆட்டம் இந்த மாற்றத்தை அப்போது ஏற்காமல் பாதிக்கணக்கிலேயே தொடர்ந்தது.

விதியில் இப்படி வேறுபாடுகள் இருப்பதும் ரசிகர் குழப்பத்துக்கு ஒரு காரணம். என்.பி.ஏ. பார்த்துப் பழகியவருக்கு ஆறு ஃபவுல்தான் எல்லை. கல்லூரியில் ஐந்தாவது ஃபவுலோடு வீராங்கனை வெளியேற வேண்டும். எறிவதற்கான கால அவகாசம் கல்லூரிப் பெண்களுக்கு 30 விநாடி. இந்தியா உட்பட சர்வதேச விதியைப் பின்பற்றும் நாடுகளில் 24. தெரியாத விதியைக் கண்டால், அந்த விதி இருக்கிறது என்று நினைப்பதைவிட நடுவருக்கு வேலை தெரியவில்லை என்று நினைப்பது எளிது.

2023 ஏப்ரல் 2 அன்று டாலஸில் நடந்த இறுதி ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 102-85 என்று அயோவாவை வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சராசரியாக 99 லட்சம் பேர். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவர்களில் பலருக்கு அதுவே முதல் அனுபவம். அவர்கள் பார்த்தது, இரு அணியின் முக்கிய வீராங்கனைகளும் ஃபவுல் கணக்கால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆட்டம். மூன்றாம் கால்பகுதி முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கையில், விசிலுக்குப் பின் பந்தை நடுவரிடம் தராமல் முதுகுப்பக்கம் தட்டிவிட்டார் கிளார்க். ஒழுங்கு மீறலுக்கான டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கப்பட்டது. அது அவருக்கு நான்காவது ஃபவுல். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக அயோவாவுக்கு முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது, அதனால் இரண்டாம் முறை டெக்னிக்கல் என்பது விதி. அந்த எச்சரிக்கையைக் கவனித்த ரசிகர் சிலரே. மற்றவர்கள் கண்டதெல்லாம், ஒரு நட்சத்திரத்தை அற்பக் காரணத்துக்காக நடுவர் தண்டிப்பதைத்தான். அதே ஆட்டத்தில் எல்.எஸ்.யு. பயிற்சியாளர் கிம் மல்கி கோட்டைத் தாண்டி வந்து நடுவர் மீது பட்டும் தண்டனை இல்லையே என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதே மல்கிதான் 2021-இல் விசில் வராததால் தோற்ற பேலர் அணியின் பயிற்சியாளர்.

ஃபவுல்களால் அயோவா மட்டும் நொந்தது என்று சொல்வதற்கில்லை. எல்.எஸ்.யு.வின் ஏஞ்சல் ரீஸும் முதல் பாதியில் ஃபவுல் கணக்கால் வெளியே உட்கார நேர்ந்தது. அந்நேரத்தில் பெஞ்சிலிருந்து வந்த ஜாஸ்மின் கார்சன் முதல் பாதியில் மட்டும் 21 புள்ளி எடுத்து ஆட்டத்தைத் திருப்பினார். நடுவரால் வந்த இழப்பே வரமாகிவிட்டது. தோற்ற பக்கத்து ரசிகர்களின் கணக்கில் இந்த வரி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. 1951-இல் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களுக்கு இடையே முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அதன் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டித் தவறுகளைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகளாக டார்ட்மவுத் மாணவர்கள் குறித்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். காட்டப்பட்டது ஒரே படம்தான். 1954-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதே அதன் முக்கியமான செய்தி. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் ரசிகர்கள் சொல்வதெல்லாம் மயக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2004-05 பருவத்தில் நடந்த 365 கல்லூரி ஆண்கள் ஆட்டங்களை அலசினார்கள். எந்த அணி குறைவாக ஃபவுல் செய்திருக்கிறதோ அந்த அணி மீதே அடுத்த விசில் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். வெளியூர் அணிக்குத்தான் ஃபவுல் கூடுதலாக விழுகிறது என்றும் தெரியவந்தது. நடுவர்கள் அறிந்தோ அறியாமலோ கணக்கைச் சமன் செய்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 'முதல் பாதியில் எங்களுக்கு ஊதினார்கள், இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஊதினார்கள்' என்று அரங்கில் சொல்வது வெறும் புலம்பல் இல்லை என்று தெரிகிறது. முரட்டுத் தடுப்பாட்டம் ஆடும் அணிக்கு இந்தச் சமன்பாடு லாபம். தொடர்ந்து ஃபவுல் செய்தாலும் விசில் ஒருபக்கமாகவே விழுந்துகொண்டிருக்காது என்ற தைரியம் அதற்கு உண்டு. ஆய்வு நடந்தது ஆண்கள் ஆட்டத்தில் என்பதை மறக்கக்கூடாதுதான். இருந்தாலும் ஆதரவுக் கூச்சல் நிறைந்த அரங்கில் விசில் பிடித்து நிற்பவரின் மனநிலை ஆண்கள், பெண்கள் ஆட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

எந்த அணியை 'முரட்டு அணி' என்று சொல்வது என்பதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2023 அரையிறுதியில், அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காத சவுத் கரோலினாவை அயோவா 77-73 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்துக்கு முன்னால், சவுத் கரோலினாவுடன் ரீபவுண்டுக்கு மோதுவது மதுக்கடைச் சண்டைக்குப் போவது போல என்று ஒருவர் சொன்னதை அயோவா பயிற்சியாளர் லிசா ப்ளூடர் எடுத்துச் சொன்னார். தம் வீராங்கனைகளை அடிதடிக்காரர்களாகப் பேசுவதை சவுத் கரோலினா பயிற்சியாளர் டான் ஸ்டேலி வன்மையாக மறுத்தார். அயோவா அணியின் முக்கிய வீராங்கனைகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சவுத் கரோலினா, எல்.எஸ்.யு. அணிகளில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். ஒரே அளவு மோதலை ஓரிடத்தில் 'போராட்டக் குணம்' என்றும் இன்னோரிடத்தில் 'அடாவடி' என்றும் பெயரிடும் பழக்கம் ரசிகர் பேச்சில் இருப்பதை மறைத்துப் பயனில்லை. 2023 இறுதி ஆட்டத்தின் முடிவில் ரீஸ் முகத்துக்கு முன்னே கையசைத்துக் கேலி காட்டியதற்குக் கிளம்பிய கண்டனம், சில நாட்களுக்கு முன் கிளார்க் அதே சைகையைச் செய்தபோது எழவில்லை. விசிலைப் பற்றிய பல வாதங்கள் இந்த மண்ணில் நின்றுதான் பேசப்படுகின்றன.

அதற்காக, முரட்டுத்தனம் என்பதே கட்டுக்கதை அல்ல. 2024 மார்ச் 10 அன்று கிரீன்வில்லில் சவுத் கரோலினாவும் எல்.எஸ்.யு.வும் மோதிய தென்கிழக்குக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் கமில்லா கார்டோசோ எதிரணியின் ஃப்ளாஜே ஜான்சனைக் கீழே தள்ளினார். கார்டோசோ வெளியேற்றப்பட்டார், பெஞ்சை விட்டு ஆடுகளத்துக்குள் வந்த வீராங்கனைகளும் விதிப்படி வெளியேற்றப்பட்டார்கள். முன்னதாகவே சிறு உரசல்களுக்கு ஊதியிருந்தால் இது இந்த அளவுக்கு வந்திருக்குமா என்று அன்று பலர் கேட்டார்கள். விசில் அதிகம் என்று வழக்கமாகக் குறைப்படுபவர்களும் அவர்களில் இருந்திருக்கக்கூடும்.

நடுவர்கள் எப்படி அமர்த்தப்படுகிறார்கள் என்பது தெரிந்தால் 'ஒரு நாள் ஒரு மாதிரி' என்ற புகாரின் வேர் புரியும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று நடுவர்கள். கல்லூரி நடுவர் என்பது பொதுவாக நிரந்தர வேலை அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஊதியம் வாங்கும் ஒப்பந்தப் பணி. பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்புகள் ஒருங்கிணைப்பாளர்களை வைத்து நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும். ஒரே நடுவர் வாரத்தில் பல ஊர்களில், பல கூட்டமைப்புகளுக்காக ஊதுவார். ஒரு கூட்டமைப்பில் கைகலப்பைப் போல ஆடவிடுவார்கள், இன்னொன்றில் விரல் பட்டாலும் விசில் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. பருவம் முழுக்கத் தனித்தனிப் பழக்கத்தில் ஆடிய அணிகள் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் சந்திக்கும்போது, இரண்டில் ஒன்று ஏமாறுவது தவிர்க்க முடியாதது.

2024 தேசியப் போட்டியில் விசிலுக்குச் சம்பந்தமில்லாத குளறுபடிகளும் சேர்ந்துகொண்டன. ராலேயில் நடந்த ஒரு முதல்சுற்று ஆட்டத்தில், நடுவர்களில் ஒருவருக்கு ஆடும் கல்லூரி ஒன்றோடு படிப்புத் தொடர்பு இருந்தது தெரிந்து, இடைவேளையில் அவர் மாற்றப்பட்டார். அப்படித் தொடர்பு இருப்பவரை முதலிலேயே நியமிக்காமல் இருக்கத்தான் விதி இருக்கிறது. நோத்ர டேமின் ஹன்னா ஹிடால்கோ ஆட்டத்தின் நடுவில் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி நிறுத்தப்பட்டார். நகை கூடாது என்பது அன்று இருந்த விதிதான். ஆனால் பருவம் முழுக்க அதோடு ஆடியவர் அவர். நோத்ர டேம் அந்த ஆட்டத்தை ஓரிகன் ஸ்டேட்டிடம் 70-65 என்று இழந்தது. போர்ட்லாந்தில் ஆடுகளத்தின் இரு முனைகளிலும் மூன்று புள்ளிக் கோடு ஒரே தூரத்தில் இல்லை என்பது டெக்சஸ், நார்த் கரோலினா ஸ்டேட் அணிகளின் ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில்தான் கவனத்துக்கு வந்தது. இரு பயிற்சியாளர்களும் சம்மதித்ததால் அப்படியே ஆடினார்கள். அந்தத் தளத்தில் முந்தைய நாட்களிலும் ஆட்டங்கள் நடந்து முடிந்திருந்தன. ஒரு கோட்டைக்கூட ஒழுங்காகப் போடாத நிர்வாகம் நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கும் என்று ரசிகர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினா 87-75 என்று அயோவாவை வென்றது. அதை 1 கோடியே 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குக் கிடைத்ததைவிட இது அதிகம். பார்வையாளர்கள் கூடினால் மறுஒளிபரப்பும் கூடும், ஒவ்வொரு விசிலும் பல கோணங்களில் துண்டு துண்டாகப் பரவும். நொடிப்பொழுதில் ஓரிடத்தில் நின்று பார்த்தவரின் முடிவை, பத்து முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர் மதிப்பிடுகிறார்.

இந்தப் பின்னணியில் 2024-25 பருவத்தில் பயிற்சியாளர்களுக்கு முறையீட்டு உரிமை தரப்பட்டது. பந்து கோட்டைத் தாண்டியபோது யார் கை கடைசியாகப் பட்டது என்பது போன்ற சில முடிவுகளைக் காணொளியில் மறுபடி பார்க்கும்படி அவர்கள் கேட்கலாம். கோரிக்கை தவறானால் ஒரு டைம் அவுட் போய்விடும். உடல் மோதல் ஃபவுலா இல்லையா என்ற கேள்வியை முறையிட வழியில்லை. ரசிகர்கள் அதிகம் கொதிப்பது அதற்காகத்தான், ஆனால் அதைத் திறந்துவிட்டால் ஆட்டம் விடியும்வரை முடியாது என்ற அச்சம் நியாயமானதே.

நடுவர்களின் ஊதியத்திலும் நெடுநாள் ஏற்றத்தாழ்வு இருந்தது. 2021 தேசியப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு ஒரு சிறிய எடை அடுக்கும் தரப்பட்டதை ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் காணொளியாக வெளியிட்டார். அதைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாக, 2022 முதல் தேசியப் போட்டியின் பெண்கள் ஆட்ட நடுவர்களுக்கும் ஆண்கள் ஆட்ட நடுவர்களுக்கும் ஊதியம் சமமாக்கப்பட்டது. தரமான நடுவர் வேண்டும் என்று முழங்கியவர்களில் இதைப் பற்றி முன்பே கேட்டவர்கள் குறைவு. என்.பி.ஏ. 1997-இல் முதன்முதலாகப் பெண் நடுவர்களை எடுத்தபோது தேர்வான டீ கான்ட்னர், வயலட் பால்மர் இருவரும் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஊதிப் பழகியவர்கள் என்பதும் பொதுவாகப் பேசப்படுவதில்லை.

ரசிகர்களின் கோரிக்கைகளில் எளிதில் நிறைவேற்றக்கூடியது வெளிப்படைத்தன்மைதான். என்.பி.ஏ. 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது சரி, எது தவறு என்று மறுநாள் வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. தேசியப் போட்டியில் பத்திரிகையாளர்கள் சார்பாக ஒருவர் தலைமை நடுவரிடம் விதி விளக்கம் கேட்கலாம். 2023 இறுதி ஆட்டத்து டெக்னிக்கல் ஃபவுலுக்கான காரணம் அப்படித்தான் தெரியவந்தது. நடுவர்களின் பணியை ஒருங்கிணைப்பாளர்கள் மதிப்பிட்டு, அதன் அடிப்படையில் தேசியப் போட்டிக்குத் தேர்வு செய்கிறார்கள். அந்த மதிப்பெண்கள் வெளியே வருவதில்லை. வெளியிட்டால் சமூக ஊடகத்தில் ஏற்கெனவே வசைபாடப்படும் நடுவர்களின் நிலை இன்னும் மோசமாகும், புதியவர்கள் இந்தப் பணிக்கு வரவே தயங்குவார்கள் என்பது ஒரு வாதம். வெளியிடாததால்தான் வசை பெருகுகிறது, தவறை ஒப்புக்கொள்ளும் அமைப்பை மக்கள் குறைவாகவே சந்தேகிப்பார்கள் என்பது எதிர்வாதம். என்.பி.ஏ.வின் அறிக்கை இத்தனை ஆண்டு வந்தும் அங்கே நடுவர்களைத் திட்டுவது குறையவில்லை என்பதை முதல் தரப்பு சுட்டிக்காட்டும். குறைந்தபட்சம் அங்கே வாதம் ஆதாரத்தோடு நடக்கிறது என்பது இரண்டாம் தரப்பின் பதில்.